டைரக்டர் கே. சுப்பிரமணியமும் அவர்தம் சமூகச் சித்திரங்களும்

சினிமா என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் கற்றோர் நம்மிடையே எக்காலத்தும் உளர். அவர் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயினும், ஒரு நாட்டு மக்கள் தம் வாழ்நாளில் எத்தனையோ மணி நேரத்தை இருட்டறையில் அமர்ந்து ஒரு வெண்திரையை நோக்கிக் கழிப்பாராயின், அத்திரையில் என்ன காட்டப்பட்டது, யாவர் காட்டினர், எந்நோக்கத்தோடு காட்டினர் என்பவற்றை ஆராய்வது கல்விக்குப் புறம்பான செயலாகாது. நாவலாசிரியரையும் நாடகாசிரியரையும் பாடங்கேட்கும் மாணாக்கர், படக்கதை எழுதியும் படத்தை இயக்கியும் ஒரு தலைமுறையின் உள்ளத்தை அசைத்த ஒருவரைப்பற்றி அறியாதிருத்தல் குறையேயாம். அத்தகையார் ஒருவரின் வரலாற்றை இங்குச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியாக நாள்தோறும் பட்டணத்துக்குப் போய்வரும் நம் அன்பர்கள், அச்சாலை தமிழ்ச் சினிமாவின் தொட்டிற்சாலை என்பதை அறிந்திருப்பார்களோ, அறியோம். அதன் கீழ்க்கோடியை அடுத்த கீழ்ப்பாக்கத்து மில்லர்ஸ் சாலையிலேதான் ஆர். நடராஜ முதலியார் என்பவர் தென்னாட்டின் முதல் ஊமைப்படக் கதையாகிய 'கீசக வத'த்தை எடுத்தார். அதே நெடுஞ்சாலையில் 1934ஆம் ஆண்டு ஏ. நாராயணன் என்பவர் ஸ்ரீனிவாஸா சினிடோன் என்னும் பெயரால் ஒரு பேசும்பட நிலையம் நிறுவினார். அதற்குமுன் தமிழில் பேசும்படம் எடுக்க விரும்பியவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ நடிகரையும் பக்கவாத்தியக்காரரையும் இரயிலேற்றி அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டதே. இன்றோ, அந்நெடுஞ்சாலையின் மேல்பாகத்தில், செம்பரம்பாக்கத்து ஏரியை அடுத்து, பெரும் படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்துள்ளன. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் இளைஞர் அங்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்க்கேனும் இவ்வரலாறு பயன்படுக.

கிருஷ்ணசாமி சுப்பிரமணியம் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பாபநாசத்தில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் சட்டம் பயின்று, சென்னையில் சிறிது காலம் கிரிமினல் வழக்குகளை நடத்தினார். இவ்வழக்கறிஞர் தொழில் அவருக்குப் பொருள் எவ்வளவு ஈட்டித் தந்ததோ யாமறியோம். பிற்காலத்தில் அவருடைய கதைகளில் ஒரு கட்சி எழுந்து நியாயம் கேட்பதும், எதிர்க்கட்சி மறுமொழி கூறுவதும், நடுவே சமூகமென்னும் நீதிபதி விழிப்பதுமாக அமைந்த முறைக்கு இப்பயிற்சியே அடிப்படை என்று கொள்ளுதல் தகும்.

அவர் சினிமாவுக்குள் நுழைந்த வாயில் டைரக்ஷன் அன்று, எழுத்தே. அந்நாளில் புதுக்கோட்டையிற் பிறந்து, தேகப்பயிற்சியால் பேர்பெற்று, பம்பாய் ஊமைப்படங்களில் நடித்துப் புகழீட்டிய பி. கே. ராஜா சாண்டோ சென்னைக்குத் திரும்பிவந்து அசோஸியேட் பிலிம்ஸ் கம்பெனிக்காகப் படங்களை இயக்கிக்கொண்டிருந்தார். 'பேயும் பெண்ணும்' (1930), 'அநாதைப் பெண்' (1931) ஆகிய அப்படங்களுக்குச் சுப்பிரமணியம் காட்சிக்கதை அமைத்துக் கொடுத்தார். இவற்றுள் பின்னது வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது.

ஊமைப்படத்திற்குக் கதை எழுதுவது எத்தகைய வேலை என்பதைச் சற்றே நினைந்து பார்த்தல் வேண்டும். அங்கே பாத்திரங்கள் பேசுவதில்லை. ஒரு பெண் துன்புறுகிறாள் என்று எழுதினால் போதாது. அவள் அடுப்படியில் நிற்கிறாளா, வாயிற்படியில் நிற்கிறாளா, அவள் கையில் இருப்பது யாது, கதவு திறந்துளதா மூடியுளதா என்று எழுதவேண்டும். இடையிடையே தோன்றும் எழுத்து அட்டையில் இரண்டொரு வாக்கியங்களே எழுதலாம். பாமர மக்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவராகையால் அவ்வட்டைகளை உரக்கப் படித்துக் காட்டுவதற்கென்றே கொட்டகையில் ஆள் இருப்பதுண்டு. ஆகவே, சொல்லைச் சுருக்கிக் காட்சியைப் பெருக்கும் கலையைச் சுப்பிரமணியம் இவ்விரண்டாண்டில் கற்றிருக்கவேண்டும். பேசும்படம் வந்தபின் தமிழ்ப் படங்களில் நடிகர் ஓயாமற் பாடியும் பேசியும் கேட்போரை வருத்திய காலத்திலும், அவருடைய நல்ல படங்களிற் காட்சியே கதையைச் சொல்லியது இதனாற்போலும்.

அழகப்பச் செட்டியார் முதலானோரின் கூட்டுறவால் மீனாட்சி சினிடோன் என்னும் நிறுவனம் ஏற்பட்டபோது, சுப்பிரமணியம் முதன்முதலாக ஒரு படத்தைத் தாமே இயக்கினார். அதுவே 1934இல் வெளிவந்த 'பவளக்கொடி'. நாடகமேடையில் நாடறிந்திருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் திரையில் முதன்முதல் தோன்றியது இப்படத்திலேதான். பாபநாசம் சிவன் பாடல்கள் புனைந்தார். ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் என்பர்! இக்காலத்து இளைஞர் இதனைக் கேட்டு நகைப்பர். ஆனால் நாடகத்தைப் படமாக்கியவர் அதன் பாட்டுக்களை விட்டுவிட்டிருந்தால், அன்றைய ஜனங்கள் டிக்கட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பர்.

அப்படம் எடுக்கப்பட்ட வகை ஒரு தனிக்கதை. அடையாற்றுப் பக்கத்தில் வெட்டவெளியில் மேடை அமைத்து, மின்விளக்கின்றி, சூரியனையே விளக்காகக் கொண்டு எடுத்தனர். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலைத் திருப்பி நடிகர் முகத்தில் விழச் செய்வர். ஒரு மேகம் கடந்தால் வேலை நிற்கும். மேகத்தினும் பெரும்பகை காகங்கள். பிற்காலத்தைப்போல் பின்னணிப் பாடகர் தனியே பாடிப் பதிவுசெய்யும் வழக்கம் அன்று தமிழில் இல்லை. நடிப்பவர் நடிக்கும்போதே பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர் படப்பெட்டியின் பார்வைக்கு அகப்படாமல் மரத்தடியிலோ தட்டியின் மறைவிலோ அமர்ந்து வாசிப்பர். பாகவதர் உச்சஸ்தாயியை எட்டும் வேளையிற் காகம் கரைந்தால் அத்தனையும் வீண். படப்பிடிப்பாளர் உண்டு எறியும் சோற்றுக்காகவே காகங்கள் கூடின. ஆதலால் அவற்றை ஓட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்தனர் என்று அக்காலத்தவர் சொல்லிவந்தனர்.

'நவீன சதாரம்' (1935), 'பக்த குசேலா' (1936) என்று இவ்வழியே சில படங்கள் தொடர்ந்தன. 'குசேலா'வில் எஸ். டி. சுப்புலட்சுமியே கிருஷ்ணனாகவும் குசேலர் மனைவியாகவும் இரு வேடம் பூண்டார். குசேலர் வேடம் பாபநாசம் சிவனுக்கு. இவை நன்கு ஓடின, பொருளும் வந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால், அக்காலத்துப் புராணப்பட முதலாளிகள் பலருள் ஒருவராகவே அவர் எண்ணப்பட்டிருப்பார், இக்கட்டுரையும் எழுதப்பட்டிராது.

மாறுதல் 1937இல் வந்தது. தம்முடைய மதராஸ் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் கார்ப்பொரேஷன் வாயிலாக அவர் 'பாலயோகினி' என்னும் படத்தை வெளியிட்டார். கதையும் அவருடையதே, பழம்புராணம் அன்று, அன்றைய தஞ்சைத் தெருக்களின் கதை. கணவன் கடனுக்காகச் சிறைப்பட, ஏழைப் பிராமணப் பெண்ணொருத்தி உதவி வேண்டி ஸப்-கலெக்டர் வீட்டுக்குச் செல்கிறாள். அவ்வதிகாரியின் சகோதரி ஒரு விதவை, அவள் இரங்குகிறாள். அவ்விரக்கமே குற்றமாகி, இருவரும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகின்றனர். உயர்குலத்தார் ஒருவரும் கதவு திறவாதபோது, தாழ்ந்த வகுப்பினன் என்று ஒதுக்கப்பட்ட வேலைக்காரன் முனுசாமி தன் குடிசையில் இடம் கொடுக்கிறான். ஊர் பொங்கியெழுகிறது, அக்குடிசைக்குத் தீ வைக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே நின்று, பெரியவர்களைப் பார்த்து, 'இது எந்த நியாயம்?' என்னும் பொருள்படக் கேட்பது ஒரு சிறுமி.

அச்சிறுமியாக நடித்தவள் பேபி சரோஜா. டைரக்டரின் சகோதரர் மகள். அக்குழந்தையின் பெயர் தமிழகமெங்கும் பரவியது. பிறந்த பெண்மகவுகளுக்குச் சரோஜா என்று பெயரிடும் வழக்கம் பெருகியதென்றும் சொல்வர். விதவை நடித்த காட்சிகளைக் கண்டு வைதிகர்கள் சினந்தனர். அச்சினத்தின் வெப்பத்தை அளவிட இன்றைய வாசகருக்கு ஒரு குறிப்பு உதவும். சிறுவர் மணத்தைத் தடுத்த சாரதா சட்டம் 1930இலேதான் அமலுக்கு வந்திருந்தது. அச்சட்டத்தையே 'மதத்தில் கைவைத்தல்' என்று எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியவர் அன்று பலர். தலைமழித்து மூலையில் இருத்தப்பட்ட இளம் விதவை ஒவ்வோர் அக்கிரகாரத்திலும் காணக்கூடிய காட்சியாக இருந்தாள். அவளை மேடைக்கு வெளியே, ஆயிரவர் காணும் திரையில், பேசும் பாத்திரமாக நிறுத்தியதே பெருங்குற்றமாகத் தோன்றியது.

இப்படத்தின் ஒரு பலவீனத்தையும் மறைத்தல் தகாது. நியாயம் முழுவதையும் குழந்தை வாயில் வைத்தமையால், பெரியவர்கள் விடை கூறவேண்டிய கடமையிலிருந்து தப்பினர். குழந்தை கேட்டால் அழலாம், நெகிழலாம், வாதிட வேண்டுவதில்லை. அவ்விதவையே தன் வாயால் கேட்டிருந்தால் கொட்டகையில் என்ன நிகழ்ந்திருக்கும்? இவ்வினாவுக்கு டைரக்டரே இரண்டாண்டு கழித்து விடை கூறினார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஈண்டு ஒரு கணம் கீழ்க்கடல் கடந்து நோக்குவோம். ஜப்பான் நாட்டில் கென்ஜி மிஸோகுச்சி (1898 - 1956) என்னும் புகழ்மிக்க டைரக்டர், யோஷிகாடா யோடா என்னும் திரைக்கதை ஆசிரியரோடு கூடி, 1936இல் கியோத்தோ நகரத்துக் கெய்ஷாப் பெண்கள் இருவரைப்பற்றி ஒரு படம் எடுத்தார். 'கியோன் சகோதரியர்' என்பது அதன் பெயர். ஆண்மக்கள் விலைக்கு வாங்கும் அன்பினால் பெண்கள் எவ்வாறு நசுக்கப்படுகின்றனர் என்பதே அதன் பொருள். சென்னையிலிருந்த சுப்பிரமணியம் அதனைக் கண்டிருப்பார் என்று கூறுவதற்கு ஆதாரம் யாதுமில்லை. எனினும், ஒருவரையொருவர் அறியாத இருவர், ஏறக்குறைய ஒரே ஆண்டில், புராண வீரரையும் வாட்போர் வீரரையும் விட்டு, வீட்டுக்குள்ளும் தெருவிலும் துன்புறும் பெண்ணை நோக்கித் தம் படப்பெட்டியைத் திருப்பினர். பழைய குடும்ப ஒழுங்கும் புதிய பட்டண வாழ்க்கையும் மோதிய தேசங்களில் எங்கும் அம்மோதலின் அடி பெண்மேல் விழுந்தது என்பதே இதற்கு நேரிய விளக்கம்.

1938இல் வந்தது 'சேவாசதனம்'. ஹிந்தி, உருது மொழிகளின் பெருநாவலாசிரியர் பிரேம்சந்த் முதலில் உருதுவில் எழுதிப் பின் ஹிந்தியில் வெளியிட்ட நாவலின் தழுவல் இது. திரைக்கதையைச் சுப்பிரமணியமே அமைத்தார். பிரேம்சந்த் இரண்டாண்டுக்கு முன்னரே காலமாகிவிட்டார். சங்கீத உலகில் இளமையிலேயே பேர்பெற்றிருந்த எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த முதற்படம் இதுவே. வரதட்சிணைக்கு வழியின்மையால் வயது முதிர்ந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண், வீண் சந்தேகத்தால் வீட்டைவிட்டு வெளியே தள்ளப்பட்டு, நிலைதவறி, முடிவில் தொண்டு நிலையம் ஒன்றில் அமைதி காண்கிறாள். முதிய கணவராக நடித்தவர் எப். ஜி. நடேசையர்; திருச்சிராப்பள்ளியில் இரயில்வே உத்தியோகத்திலிருந்துகொண்டே நாடகக்கலையை வளர்த்தவர்.

இங்கே ஒரு நயம் கருதத்தக்கது. கொடியவன் ஒருவனை நிறுத்தி அவன்மேற் பழியெல்லாம் ஏற்றுவது எளிது. இக்கதையிலோ கணவர் கொடியவரல்லர். வறியவர், அஞ்சுபவர், அயலார் சொல்லுக்கு நடுங்குபவர். அவர் கதவை மூடியது தீமையால் அன்று, 'நாலுபேர் என்ன சொல்வார்கள்' என்னும் அச்சத்தால். அந்த நாலுபேரே குற்றவாளிகள். ஆனால் நாலுபேரைக் கூண்டில் ஏற்றுவது எப்படி? அவர்கள்தாமே கொட்டகையில் நாற்காலியிலும் பெஞ்சியிலும் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்!

இனி, அவர் புகழுக்குச் சிகரமான 'தியாகபூமி'க்கு வருவோம். 1939ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி அது வெளிவந்தது. கதை கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியினுடையது. அது 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் வெளிவந்துகொண்டிருக்கும்போதே படமும் தயாராயிற்று. தொடர்கதைக்குச் சித்திரக்காரர் வரைந்த படங்களுக்குப் பதிலாகச் சினிமாவின் நிழற்படங்களே அச்சிடப்பட்டன. வாசகர் சாவித்திரியைப் படிக்கும்போதே எஸ். டி. சுப்புலட்சுமியின் முகத்தைக் கண்டனர். சம்பு சாஸ்திரியைப் படிக்கும்போதே பாபநாசம் சிவனைக் கண்டனர். பத்திரிகையும் சினிமாவும் இவ்வாறு கைகோத்தது தமிழ்நாட்டில் புதுமை.

கதை சுருக்கமாவது: நெடுங்கரைக் கிராமத்துச் சம்பு சாஸ்திரி பக்திமான். புயலால் வீடிழந்த தீண்டப்படாதாருக்குப் புகலிடம் கொடுத்ததற்காக ஊராரால் விலக்கப்படுகிறார். அவர் மகள் சாவித்திரி, பட்டணத்து நாகரிகத்தில் மயங்கிய ஸ்ரீதரன் என்பவனுக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டு, புக்ககத்தில் இழிவு பல பட்டு, கர்ப்பவதியாய்ப் பிறந்தகம் திரும்புகிறாள். தந்தையோ நிலத்தை இழந்து சென்னைக்குச் சென்றுவிட்டார். தருமாஸ்பத்திரியில் பெண்மகவு ஈன்று, அதைத் தற்செயலாய்க் கண்ட தந்தையின் பக்கத்தில் அவர் உறங்கும்போது கிடத்திவிட்டு, பம்பாய்க்குச் செல்கிறாள். ஆண்டுகள் கழிந்து, பெருஞ்செல்வியாய், உமாராணி என்னும் பெயரோடு மீள்கிறாள். செல்வத்தைக் கண்ட ஸ்ரீதரன் அவள் தன் மனைவி என்றும், தன்னோடு வந்து வாழக் கட்டளையிடவேண்டும் என்றும் நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுக்கிறான்.

வழக்கறிஞராயிருந்த டைரக்டர் இக்காட்சியில் தம் பழைய தொழிலுக்கு மீண்டார் என்றே கூறலாம். சாவித்திரி கூண்டிலேறிக் குழந்தையைப்போல் அழவில்லை. விதவையைப்போல் மௌனமாய் நிற்கவும் இல்லை. கணவனோடு வாழ மறுக்கிறாள். ஜீவனாம்சம் வேண்டுமானால் தானே அவனுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறாள்! 1939இல் இதனைக் கேட்டவர் திகைத்ததில் வியப்பில்லை. மனைவிக்குக் கணவன் எறியும் சோற்றுக்காசுக்கு ஜீவனாம்சம் என்று பெயர். அதே சொல் திசைமாறி வந்து ஆண்மகன் முகத்தில் விழுந்தது.

இக்காட்சியின் கூர்மையை உணர அக்காலத்துச் சட்டநிலையை அறிதல் வேண்டும். ஹிந்துப் பெண்ணுக்கு அப்போது விவாகரத்து உரிமை சென்னை மாகாணத்தில் இல்லை. 1937இல் இயற்றப்பட்ட சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் ஓரளவு உரிமை கொடுத்தது. கணவன் உயிரோடிருக்கும் மனைவிக்கு அது எதையும் தரவில்லை. கணவனைப் பிரிந்து வாழவும் ஜீவனாம்சம் பெறவும் உரிமை வழங்கிய சட்டம் 1946இலேதான் வந்தது. விவாகரத்து 1955ஆம் ஆண்டு ஹிந்து விவாகச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் வந்தது. மாறாக, மனைவியைத் தன்னோடு வாழவைக்கக் கணவன் தொடுக்கும் 'தாம்பத்திய உரிமை' வழக்கோ நெடுநாளாய் வழக்கிலிருந்தது. பம்பாயில் ருக்மாபாய் என்னும் மாது 1884 முதல் இத்தகைய வழக்கொன்றை எதிர்த்துப் போராடினார். கணவனிடம் செல்லவேண்டும், அன்றேல் ஆறுமாதச் சிறை என்று 1887இல் தீர்ப்பாயிற்று. சிறைக்கே செல்வேன் என்றார் அவர். பின்னர் 1888இல் வழக்குச் சமாதானமாக முடிந்தது. அவர் இங்கிலாந்து சென்று மருத்துவராய்த் திரும்பினார். சாவித்திரியின் கூண்டுக்குப் பின்னால் இப்பெண்மணியின் நிழல் நிற்கிறது. அவ்வழக்குரிமை இன்னும் ஒழியவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக அது இருக்கிறது. 1984இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுபடியாகும் என்றும் கூறியது. ஆகவே, சாவித்திரி எதிர்த்து நின்ற வழக்கு பழங்கதையாகிவிடவில்லை.

கோயிற்பிரவேசத்திலும் அப்படம் காலத்தோடு ஒட்டியும் சற்று முந்தியும் நடந்தது. திருவாங்கூர் மகாராஜா 1936 நவம்பரில் கோயில்களைத் திறந்துவிட்டார். தமிழகத்திலோ, மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துள் ஏ. வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ஆம் தேதி. அதாவது, 'தியாகபூமி' வெளிவந்து ஏழு வாரங்களுக்குப் பின். சம்பு சாஸ்திரி திரையில் ஊர்விலக்கு அடைந்துகொண்டிருந்தபோது, அதே வினா மதுரைத் தெருக்களில் உயிரோடு நின்றது.

இவ்வளவு கூறியபின் ஒரு குறை கூறவும் வேண்டும். நியாயஸ்தலத்தில் அத்துணைத் துணிவோடு நின்ற சாவித்திரி, கதைமுடிவில் தேசத்தொண்டில் இறங்கிச் சிறை புகுகிறாள். தேசவிடுதலைக்கு உழைத்தல் உயர்ந்ததே. ஆனால், மனைவி என்பவள் யாருடைய உடைமை என்று எழுப்பிய வினா, தேசம் யாருடைய உடைமை என்னும் வினாவுக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. பின்னதற்கு 1947இல் விடை கிடைத்தது. முன்னதற்கு? அன்றைய தேசபக்தர் பலரும் வீட்டு வழக்கை நாட்டு வழக்கு முடியும்வரை ஒத்திவைத்தவரே. கல்கியும் சுப்பிரமணியமும் அவ்வொத்திவைப்புக்கு உடன்பட்டனர் என்றே எமக்குத் தோன்றுகிறது.

சர்க்கார் அவ்வாறு நுணுகிப் பார்க்கவில்லை. கதரும், ராட்டையும், ஊர்வலமும், டி. கே. பட்டம்மாள் பாடிய தேசபக்திப் பாடலும் அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் போதியவாயின. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னையில் அமைந்த தணிக்கைக் குழுவுக்குப் போலீஸ் கமிஷனர் தலைவர். வெள்ளையர் ஆட்சியை நினைப்பூட்டும் ஒரு சொல்லும் அவர் கத்தரிக்குத் தப்புவது அரிது. ஆனால் 1937 ஜூலையில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை பதவியேற்றபின் அக்கத்தரி சற்று மழுங்கியது. (ராஜாஜி சினிமாவை விரும்பாதவர் என்பது உலகறிந்தது; அவர் ஆட்சியிலேதான் தேசபக்திச் சினிமா தழைத்தது என்பது ஒரு வேடிக்கை.) அவ்விடைவெளியில் பிறந்தது 'தியாகபூமி'. ஐரோப்பிய யுத்தம் மூண்டு, 1939 அக்டோபரில் மந்திரிசபை விலகியபின், படம் தடைசெய்யப்பட்டது. தடை வரப்போவதை அறிந்த சுப்பிரமணியமும் வாசனும் சென்னைக் கெயிட்டி கொட்டகையில் படத்தை இலவசமாகவே காட்டினர் என்றும், ஜனங்கள் அலைமோத, போலீஸார் தடியடி செய்தனர் என்றும் கூறுவர். ரகுபதி வெங்கையா என்னும் சினிமா முன்னோடி கட்டிய அக்கொட்டகை இன்று இல்லை.

இக்காலத்தை ஒட்டி அவருக்குப் பேரிழப்பு ஒன்றும் நேர்ந்தது. அவர் மௌண்ட் ரோடை அடுத்து நடத்திவந்த மோஷன் பிக்சர்ஸ் புரொட்யூஸர்ஸ் கம்பைன் என்னும் படநிலையம் தீக்கிரையாயிற்று. ஏலத்துக்கு வந்த அதனை எஸ். எஸ். வாசன் எடுத்தார். அதுவே தமிழகமெங்கும் பேர்பெற்ற ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. ஜெமினியின் இரட்டைக் குழவிகளை அறியாத தமிழர் இலர். அவை நின்ற நிலம் முன்னர் யாருடைய முயற்சி என்பதை அறிந்தவர் சிலரே.

பின்னர் அவர் மீண்டும் புராணத்துக்குத் திரும்பினார். 1940இல் 'பக்த சேதா'. இதனை வெறும் புராணம் என்று தள்ளுதல் கூடாது. கதாநாயகன் செருப்புத் தைக்கும் குலத்தவன். தடைக்கத்தரிக்கு அஞ்சிய டைரக்டர், சம்பு சாஸ்திரியின் வினாவைப் பாரதகாலத்து உடை உடுத்தி மீண்டும் அனுப்பினார் என்க. 1941இல் 'கச்ச தேவயானி', டி. ஆர். ராஜகுமாரியைப் பெருநடிகையாக்கிய படம். அதே ஆண்டு மலையாளத்தில் 'பிரகலாதா' எடுத்தார். நடனக்கலைஞர் குரு கோபிநாத்தும் அவர் மனைவியார் தங்கமணியும் அதில் நடித்தனர். மலையாளப் பேசும்படங்களுள் அது மூன்றாவது. நாட்டியத்தின்மேல் அவருக்கிருந்த பற்றுக்கு இஃதோர் அடையாளம். 1942இல் நிருத்யோதயா என்னும் நாட்டியப் பள்ளியையும் நிறுவினார். அவருடைய புதல்வி பத்மா சுப்பிரமணியம் அதனை உலகறியச் செய்தார்.

யுத்தகாலம் எல்லா டைரக்டர்களையும் சோதித்தது. கச்சாபிலிம் கட்டுப்பாட்டுப் பண்டமாயிற்று. யுத்தத்துக்கு ஆதரவான படமும் எடுத்தாலே தயாரிப்பாளருக்குப் பிழைப்பு என்ற நிலை வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் 'பர்மா ராணி'யும், ஜெமினி 'கண்ணம்மா என் காதலி'யும், சுப்பிரமணியம் 'மானசம்ரக்ஷண'மும் 1945இல் வெளியிட்டனர். ஆறாண்டுக்குமுன் அச்சர்க்காராலேயே தடைசெய்யப்பட்டவர் அச்சர்க்காருக்காக ஜப்பானியரை எதிர்த்துப் படம் எடுக்க நேர்ந்ததை எவ்வாறு மதிப்பிடுவது? வசைபாடுவோர் உளர். யாம் அவ்வாறு செய்யோம். கடலின் மறுகரையில் மிஸோகுச்சியும் தம் சர்க்காரின் விருப்பத்துக்கிணங்க 1941, 1942ஆம் ஆண்டுகளில் நாற்பத்தேழு சாமுராய்களின் விசுவாசக் கதையை இரு பாகமாக எடுக்கவேண்டியிருந்தது. நூறுபேர் கூலிக்கு உழைக்கும் கலையை நடத்துபவன், கவிஞனைப்போல் ஏட்டை மூடிவைத்துக் காலம் மாறும்வரை காத்திருக்க இயலாது.

அவர் நிறுவிய அமைப்புக்களைப்பற்றி இரண்டொரு வார்த்தை போதும். 1930களின் இறுதியில் தென்னிந்திய பிலிம் வர்த்தக சபை தோன்றவும், 1952இல் தென்னிந்திய நடிகர் சங்கம் தோன்றவும் முன்னின்று உழைத்தவர்களில் அவர் தலையாயவர். நடிகரைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்த சமூகத்தில், வழக்கறிஞர் ஒருவர் அவர்களோடு ஒரே பாயில் அமர்ந்து சங்கம் அமைத்தது சிறு செயலன்று. கன்னடத்தில் 1956இல் அவர் மீண்டும் எடுத்த 'கச்ச தேவயானி'யில் நடித்த இளநங்கை பி. சரோஜாதேவி, பின்னர்த் தென்னாட்டு மொழிகள் பலவற்றிலும் பேர்பெற்றார். 1959இல் வந்த 'பாண்டித்தேவ'னுக்குப்பின் அவர் தமிழிற் கதைப்படம் இயக்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் காலமானார்.

அவர் படங்களைப் பார்க்க விரும்பும் மாணாக்கர் ஏமாற்றத்துக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளாலானது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் தானே உருகிப் பிசின்போல் ஆகும். சென்னை வெயிலில் தகரப்பெட்டியில் அடைத்து வைக்கப்பட்ட சுருள்கள் என்னவாயின என்பதைக் கூறவேண்டா. சில வெள்ளிக்காக உருக்கி விற்கப்பட்டன. தென்னாட்டு ஊமைப்படங்களில் மிகச்சிலவே எஞ்சின. 1930களின் பேசும்படங்களிலும் பெரும்பகுதி அழிந்தது. 'தியாகபூமி'யின் பிரதி புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. ஒலி ஆங்காங்கே கரகரக்கும், படம் மங்கும். சாவித்திரி கூண்டில் ஏறும் காட்சி வரும்வரை பொறுத்திருந்து பார்க்க.